நோட்டீஸ் அடித்தால் நிலுவை கூடும்

கிராண்ட்பாஸில் ஒரு வீட்டில் ஆள் செத்தால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து இறங்குவது பிளாஸ்டிக் கதிரை. பிறகு கூடாரம், வெள்ளைக் கொடி, சுடுதண்ணிப் பானை, தேத்தண்ணிக் கோப்பைகள். கொண்டுவருவது மரண உதவிச் சங்கம். கொழும்பு 14 தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம்: இங்கே தோட்டம் என்றால் தேயிலை இல்லை. ஒரு பொது வாசல், ஒடுங்கிய பாதை, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். நாகலகம் வீதிப் பக்கம் போனாலும் ஸ்டேஸ் ரோட் பக்கம் போனாலும் இப்படி எத்தனையோ தோட்டம். கோவிலுக்குப் போகிறவர்களும் சேர்ச்சுக்குப் போகிறவர்களும் பக்கத்து வீட்டுச் சிங்கள ஆட்களும் ஒரே சங்கத்தில் இருப்பார்கள். சாவுக்கு மட்டும் எல்லோரும் ஒரே லிஸ்ட்.

எங்கள் தோட்டத்துச் சங்கத்தில் சந்தா மாதம் 200 ரூபா. ஒரே ஒரு விதிதான் கடுமை. சாவு நடக்கும் நாளில் மூன்று மாதமோ அதற்கு மேலோ நிலுவை இருந்தால் உதவிப் பணம் பாதிதான். கதிரையும் கூடாரமும் எப்படியும் வரும். பெட்டிக்கான காசு பாதியாகிவிடும். கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்கு அந்தப் பாதி எவ்வளவு பெரிய தொகை என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை அந்த "மூன்று" என்ற எண்ணைப் பற்றியது. அது ஒரு எக்செல் கோப்புக்குள் எப்படிப் பிறந்தது என்பதைப் பற்றியது. நாங்கள் மூன்று பேரும் கலைப்பீடம். ஒருவர் வரலாறு, ஒருவர் தமிழ், ஒருவர் சமூகவியல். எங்களில் இரண்டு பேர் உயர்தரத்தில் ஐசிடியும் எடுத்தவர்கள். அதனால் தோட்டத்தில் யாருடைய ஃபோன் ஹேங் ஆனாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் போன வருஷம் பொருளாளர் மாமா கூப்பிட்டது ஃபோனுக்கு இல்லை.

"தம்பி, ஆளுங்க சண்டைக்கு வாறாங்க. கட்டின காச கட்டலன்னு இந்த மெஷின் சொல்லுது. வந்து பாருங்க."

கோப்பை எழுதியது எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர். இப்போது கத்தாரில் இருக்கிறார். நல்ல வேலைதான் செய்திருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி: வீட்டு இலக்கம், குடும்பத் தலைவர் பெயர், நிலுவை மாதங்கள், அந்த வீட்டில் சங்கக் கணக்கில் சேர்ந்தவர்கள். மேலே நான்கு பட்டன். "பணம் வரவு", "புது மாதம்", "நோட்டீஸ்", "லிஸ்ட்". இதில் நோட்டீஸ் பட்டன் பல வருஷம் சும்மாவே கிடந்தது, ஏனென்றால் சங்கத்திடம் பிரிண்டர் இல்லை. நோட்டீஸைக் கையால் எழுதித்தான் கொடுத்தார்கள். போன வருஷம் யாரோ ஒரு பழைய பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பிரச்சினை அந்த மாதத்திலிருந்துதான் தொடங்கியது. அது தற்செயல் இல்லை என்று பிறகுதான் விளங்கியது.

முறைப்பாடு செய்த எல்லோருமே ஏற்கெனவே நிலுவை வைத்திருந்தவர்கள். ஒழுங்காகக் கட்டுகிற வீடுகளில் ஒரு சத்தமும் இல்லை. அதனால் கமிட்டியில் சிலர் இலகுவாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: கட்டாதவன்தானே கட்டினேன் என்று சொல்வான். இதைவிட மோசம், சில வீடுகளில் அவர்களே தங்களைச் சந்தேகப்பட்டார்கள். "ஒரு மாதம்தான்னு நெனச்சோம், ரெண்டா இருக்குமோ? கம்பியூட்டர் பிழையா சொல்லுமா?" பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைக்க அலுமாரி இல்லாத வீட்டில் யாருக்குத்தான் தன் ஞாபகத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை இருக்கும்?

முதல் துப்பு எண்ணில் கிடைக்கவில்லை, பெயரில் கிடைத்தது. லிஸ்டைப் பார்த்துக்கொண்டே போனபோது சில பெயர்கள் குறைந்து நின்றன. முத்துலெட்சுமி என்று இருக்க வேண்டிய பெயர் "முத்துலெட்சு" என்று நின்றது. தட்டச்சுப் பிழை என்று விட்டிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வீட்டில் அப்படி. அந்தப் பன்னிரண்டும் நிலுவை வீடுகள்.

யாரோ பெயரை வெட்டுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. யார் என்று பார்க்க உள்ளே போனோம்.

எக்செலுக்குள் விபிஏ என்று ஒரு நிரல்மொழி இருக்கிறது. 1993 இலிருந்து எக்செலோடு கூடவே வருகிறது. அந்த எடிட்டரில் தமிழ் எழுத்து ஒழுங்காக வராது, கேள்விக்குறிதான் வரும். அதனால் அண்ணன் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். அவர் முதலில் செய்தது ஒரு புதிய தரவு வகையை உண்டாக்கியது. எண், எழுத்து, திகதி எல்லாம் மொழியோடு வரும் வகைகள். "குடும்பம்" என்று ஒரு வகை மொழியில் கிடையாது. நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்: குடும்பம் என்றால் ஒரு இலக்கம், ஒரு பெயர், ஒரு நிலுவை, ஒரு ஆட்கள் பட்டியல், இவை நான்கும் சேர்ந்த ஒரு பொட்டலம். சாதாரண தரத்தில் பஸ்காலில் படித்த "ரெக்கோர்ட்" ஞாபகம் இருந்தால் அதுவேதான் இது.

நோட்டீஸ் பட்டனை அமத்தினால் நிலுவையுள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொன்றாக "நோட்டீஸ்" என்ற துணைச் செய்நிரலுக்குப் போகும். அது இரண்டு காரியம் செய்கிறது. பெயர் கடிதத்தில் இருக்கிற சின்னக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று முதல் 12 எழுத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. (விபிஏ புள்ளியையும் உகரக் கொம்பையும் தனித்தனி எழுத்தாகத்தான் எண்ணும். அதனால்தான் முத்துலெட்சுமி அம்மாவுக்கு "மி" போனது. தமிழுக்கு இங்கேயும் அநியாயம்.) அடுத்தது, "இந்த மாதமும் சேர்த்து உங்கள் நிலுவை இவ்வளவு" என்று அச்சடிப்பதற்காக நிலுவையோடு ஒன்றைக் கூட்டுகிறது. பிறகு அச்சு. எல்லா வீடும் முடிந்ததும், நோட்டீஸ் கொடுத்த திகதியைப் பதிவதற்காக எல்லாக் குடும்பங்களும் திரும்பத் தாளில் எழுதப்படுகின்றன.

தனித்தனியாகப் பார்த்தால் எந்த வரியிலும் பிழை இல்லை. கடிதத்துக்காகப் பெயரைச் சுருக்கலாம், கடிதத்துக்காக ஒன்றைக் கூட்டலாம். சிக்கல் வரிகளில் இல்லை. அந்தத் துணைச் செய்நிரலின் கைக்குப் போனது என்ன என்பதில்தான் இருந்தது. போனது குடும்பத்தின் பிரதியா, குடும்பமேதானா?

இதை விளக்க மாமாவின் சீ.ஆர். கொப்பியே போதும். நாங்கள் அவருக்கும் இப்படித்தான் சொன்னோம். "மாமா, நோட்டீஸ் எழுதுற பொடியனுக்கு கொப்பியில அந்தப் பக்கத்த போட்டோ கொப்பி அடிச்சுக் கொடுக்கலாம். அவன் அதுல என்ன கிறுக்கினாலும் உங்க கொப்பிக்கு ஒண்டும் ஆகாது. இல்லாட்டி கொப்பியையே அவன் கையில கொடுக்கலாம். அப்ப அவன் கடிதத்துக்காக பென்சிலால ஒரு கணக்கு போட்டாலும் அது உங்க கொப்பியிலதான் இருக்கும்." முதலாவது பெறுமானமாக அனுப்புவது. விபிஏயில் அதற்குப் பெயர் பைவால். இரண்டாவது சுட்டலாக அனுப்புவது, பைரெஃப். இரண்டாவதில் செய்நிரலுக்குப் போவது பொருள் அல்ல, பொருள் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற விலாசம். விலாசம் தெரிந்தவன் வீட்டுக்குள் வந்து சாமானை இடம் மாற்றலாம்.

மாமா உடனே கேட்டார்: "அப்ப எதுன்னு சொல்லாம விட்டா?"

சரியான கேள்வி அதுதான். விபிஏயில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் சுட்டல். கேட்காமலேயே மூலக் கொப்பியைத் தூக்கிக் கொடுத்துவிடும். ஆக, நோட்டீஸ் அச்சடிக்கும் ஒவ்வொரு தடவையும் நிலுவை வீடுகளுக்கு மட்டும் ஒரு மாதம் கூடிக்கொண்டே வந்தது. பேப்பர் சிக்கி இரண்டாம் தரம் பட்டனை அமத்தினால் இரண்டு மாதம். அந்தப் பிரிண்டரில் பேப்பர் சிக்காத நாளே இல்லை.

இந்தச் சண்டை விபிஏயோடு தொடங்கியது இல்லை. ஃபோர்ட்ரான் 1957 இல் வந்த மொழி. அதன் பழைய அமைப்புகள் சிலவற்றில் துணைச் செய்நிரலுக்கு 4 என்ற எண்ணை நேரடியாக அனுப்பி, அது உள்ளே மாற்றப்பட்டால், நிரலில் வேறு இடத்தில் எழுதிய 4 கூட 4 ஆக இருக்காது. எண்ணின் விலாசமும் சேர்ந்து போனதன் விளைவு. அல்கோல் 60 இல் பெறுமானமாக அனுப்பு என்று எழுதிச் சொல்ல வழி வந்தது. நிக்லவுஸ் விர்த் 1970 இல் வெளியிட்ட பஸ்கால் இன்னும் தெளிவு: சொல்லாமல் விட்டால் பிரதி. மூலத்தைத் தொட வேண்டுமென்றால் முன்னால் "வார்" என்று எழுதி அனுமதி கேட்க வேண்டும். சாதாரண தரத்தில் இதையெல்லாம் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். இது ஒரு வீட்டுக்குப் பெட்டி வாங்குகிற காசாக வந்து நிற்கும் என்று எந்த மார்க்கிங் ஸ்கீமிலும் இருக்கவில்லை.

எங்கள் கருத்தைக் கேட்டால், விபிஏயின் அந்தப் பழக்கம் பிழை. மைக்ரோசொப்ட்டே 2002 இல் விபி டொட் நெட் கொண்டுவந்தபோது அதைத் தலைகீழாக்கியது. அங்கே சொல்லாமல் விட்டால் பிரதிதான் போகும். சீ ஷார்ப் எங்களுக்கு இன்னும் பிடிக்கும். அதில் மூலத்தை மாற்றக் கொடுப்பதென்றால் வாங்குகிற செய்நிரலிலும் "ரெஃப்" என்று எழுத வேண்டும், கொடுக்கிற இடத்திலும் எழுத வேண்டும். சங்கத்து வங்கிக் கணக்கில் காசு எடுக்கத் தலைவரும் பொருளாளரும் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவதுபோல.

மூலத்தைக் கொடுப்பதற்கும் நியாயம் இருக்கிறது. நினைவகம் கிலோபைட்டில் இருந்த காலத்தில் பெரிய ரெக்கோர்ட் ஒன்றை ஒவ்வொரு அழைப்புக்கும் பிரதி எடுப்பது ஆடம்பரம். அதோடு, சில வேலைக்கு மூலம்தான் தேவை. "பணம் வரவு" பட்டன் பிரதியில் நிலுவையைக் குறைத்துவிட்டுப் போனால் கட்டிய காசு காற்றில் போய்விடும். எங்கள் ஊரின் பெயரே களனி ஆற்றைக் கடக்கும் பெரிய துறையிலிருந்து வந்தது. பிறகு படகுப் பாலம் வந்தது, 1895 இல் விக்டோரியா பாலம் வந்தது. துறையில் அக்கரைக்குப் போனது மாட்டு வண்டியின் பிரதி இல்லை, வண்டியேதான். ஆகவே எதை எப்போதும் கொடுப்பது என்று ஒரு விதி கிடையாது. இந்த வேலைக்கு எது வேண்டும் என்பதுதான் கேள்வி. நோட்டீஸ் எழுதுகிறவனுக்கு மூலம் தேவையே இல்லை.

சரி, திருத்துவோம் என்று உட்கார்ந்தோம். ஒரே ஒரு சொல்தானே, "பைவால்" என்று முன்னால் சேர்த்தால் முடிந்தது என்று நினைத்தால், விபிஏ சிவப்பாகக் கத்தியது. நாமே உண்டாக்கிய வகையைப் பெறுமானமாக அனுப்ப முடியாதாம். எண்ணை அனுப்பலாம், எழுத்தை அனுப்பலாம், ஆனால் "குடும்பம்" போன்ற வகை சுட்டலாக மட்டும்தான் போகும்.

கத்தார் அண்ணனுக்கு வட்ஸ்அப்பில் கேட்டோம். இரவு ஷிப்ட் முடிந்து ஒரு வொய்ஸ் அனுப்பினார். பின்னால் பஸ் சத்தம். "அடேய், நான் முதல்ல பைவால்தான் போட்டேன். ஏலாதுன்னு சொல்லிச்சு. சரின்னு எடுத்துட்டேன். பிரிண்டர் இல்லாம எப்படிடா டெஸ்ட் பண்றது?" அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஏலாது என்று சொன்ன மொழி, அப்படியென்றால் என்ன ஆபத்து என்று சொல்லவில்லை.

வேறு வழி இருக்கிறது. துணைச் செய்நிரலுக்குள்ளேயே இன்னொரு குடும்ப மாறியை உண்டாக்கி, வந்ததை அதற்குள் போட்டு, பிரதியில் மட்டும் கை வைப்பது. விபிஏயில் இப்படி ஒரு ரெக்கோர்ட்டை இன்னொன்றுக்குள் போட்டால் உள்ளே இருக்கிற எண், எழுத்து எல்லாம் உண்மையாகவே பிரதியாகும். போட்டுப் பார்த்தோம். பெயர் வெட்டுப்படவில்லை, நிலுவை கூடவில்லை. இரண்டு முறை அச்சடித்தும் அப்படியே நின்றது.

அத்தோடு எழும்பிப் போயிருக்கலாம். தமிழ் படிக்கிறவர்தான் விடவில்லை. "ஆட்கள் பட்டியலும் பிரதியாச்சா?" என்று கேட்டார். இது அவருடைய பாடத்தின் பழக்கம். சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் பதிப்பிக்க ஏடு ஏடாக ஒப்பிட்ட கதையைக் கேட்டுக் கேட்டு, பிரதி என்றாலே எதை விட்டது, எதைச் சேர்த்தது என்று பார்க்கிற ஆள்.

ஆகவில்லை. அண்ணன் ஆட்கள் பட்டியலை ஒரு "கலெக்ஷன்" ஆக வைத்திருந்தார். அது ரெக்கோர்ட்டுக்குள் நேரடியாக இல்லை. எங்கோ ஒரு இடத்தில் இருக்கிறது, ரெக்கோர்ட்டுக்குள் இருப்பது அதன் விலாசம் மட்டும். ரெக்கோர்ட்டைப் பிரதி எடுத்தால் விலாசம்தான் பிரதியாகும், வீடு ஒன்றுதான். நோட்டீஸில் பெயர் போடக்கூடாது என்று பிரதியிலிருந்து ஒரு இறந்தவரின் பெயரை எடுத்தால் மூலத்திலிருந்தும் போய்விடும். வகுப்பு எழுதிப் பொருளாக்கினாலும் இதே கதைதான். பொருளைப் "பைவால்" என்று அனுப்பினால் பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அங்கே பிரதியாவது சாவி மட்டும். இரண்டு சாவியும் ஒரே கதவைத்தான் திறக்கும். உயர்தரத்தில் படித்த பைதனும் இதில் சொந்தக்காரன்தான். ஒரு லிஸ்டை ஃபங்ஷனுக்குள் அனுப்பி அதற்கு ஒன்றைச் சேர்த்தால் வெளியேயும் சேரும். ஆனால் அதே பெயருக்கு உள்ளே புது லிஸ்ட் ஒன்றைக் கொடுத்தால் வெளியே ஒன்றும் நடக்காது. முதலாவது கொப்பியில் கிறுக்குவது, இரண்டாவது அந்தக் கொப்பியை வைத்துவிட்டு வேறு கொப்பியைக் கையில் எடுப்பது.

கடைசியில் நாங்கள் செய்தது மிகச் சாதாரணம். நோட்டீஸ் செய்நிரலுக்குக் குடும்பத்தையே அனுப்புவதை நிறுத்தினோம். அதற்குத் தேவை ஒரு பெயரும் ஒரு எண்ணும். அவை இரண்டும் மொழியின் சொந்த வகைகள், தாராளமாகப் பைவால் போகும். கடிதம் எழுதுகிறவனுக்கு ஒரு வீட்டில் எத்தனை பேர், யார் செத்தார், யார் இருக்கிறார் என்று எதற்குத் தெரிய வேண்டும்? இதைச் சொன்னது சமூகவியல் படிக்கிறவர். நிரலாக்கக் காரணத்தைவிட இந்தக் காரணம் மாமாவுக்குப் பிடித்தது.

திருத்தம் ஒரு மணித்தியாலம். மற்றது மூன்று வாரம்.

மற்றது என்றால், ஏற்கெனவே கூடிப்போன மாதங்கள். கோப்பில் பழைய எண் எங்கும் இல்லை. மூலத்திலேயே எழுதினால் முந்தியது அழிந்துவிடும், அதுதான் அதன் குணம். எங்களைக் காப்பாற்றியது மாமாவின் பிடிவாதம். கம்பியூட்டர் வந்த பிறகும், கமிட்டியில் எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, அவர் சீ.ஆர். கொப்பியில் எழுதுவதை விடவில்லை. எந்த மேக்ரோவுக்கும் விலாசம் தெரியாத ஒரே பிரதி அதுதான். அதிலும் சில பக்கத்தில் கொப்பிக்கும் பற்றுச்சீட்டுக்கும் ஒத்து வரவில்லை. பிரதிகள் கூடினால் அவை தங்களுக்குள்ளேயே சண்டை பிடிக்கும், பதிப்பாசிரியர்களுக்குத் தெரிந்த தலையிடி. வீடு வீடாகப் போய் பற்றுச்சீட்டுக் கேட்டோம். பால்மா டின்னுக்குள்ளிருந்து, பைபிளுக்குள்ளிருந்து, சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து வந்தன.

பன்னிரண்டு வீட்டில் பதினொன்று வெறும் எண் திருத்தம். ஒரு வீட்டில் இடையில் சாவு நடந்திருந்தது. அந்த நாளில் கோப்பு நான்கு என்றது. பற்றுச்சீட்டின்படி ஒன்று. பாதிப் பணம்தான் கொடுத்திருந்தார்கள். மகன் அப்போது சண்டைக்கு வரவே இல்லை. பேலியகொடையில் மீன் ஏற்றுகிற வேலை, விடிய முதல் போய்விடுவார். "அம்மாதான் கட்டுவாங்க, நமக்கு எங்க தெரியும்" என்று கொடுத்ததை வாங்கிக்கொண்டார். மிச்சக் காசுக்கு அடகு வைத்த காப்பு அப்போதும் மீளவில்லை.

அடுத்த கூட்டத்தில் மாமா கொப்பியையும் கோப்பையும் இரண்டையும் மேசையில் வைத்துப் பேசினார். ஒருவர் எழும்பி, பழைய கணக்கைக் கிண்டினால் ஆளுக்கு ஆள் வருவார்கள் என்றார். இன்னொருவர், கம்பியூட்டர் செய்த பிழைக்குச் சங்கம் ஏன் பொறுப்பு என்றார். கதை கொஞ்சம் சூடானது. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். மீதிப் பாதியைக் கொடுப்பது என்று முடிவாகியது, இரண்டு தவணையில். முதல் தவணையை மாமாவே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆட்கள் பட்டியல் இன்னும் பழையபடிதான். அந்தக் கலெக்ஷனை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஆளையும் தனித் தாளில் ஒரு வரியாக எழுத வேண்டும். ஒரு வீட்டில் ஆள் பிறந்தால், செத்தால், கல்யாணம் முடித்துப் போனால் எந்தப் பட்டன் அதை மாற்றலாம், எது மாற்றக்கூடாது என்று மாமாவோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. அதையும் அவர் சீ.ஆர். கொப்பியில்தான் எழுதுகிறார்.